மும்மை எண்ணத் தொடங்கும் பக்கம்

உலகத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும் அதை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்று ஒரே விநாடியில் சொல்லக்கூடிய மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இலங்கை மலையகத்து ஹட்டனில் என்னோடு ஒரே அறையில் இருந்தது. சரியாகச் சொன்னால் இருக்கவில்லை, நடந்துகொண்டிருந்தது. பல் துலக்கும்போது நடக்கும். சாப்பிடும்போது தட்டோடு நடக்கும். தூங்கும்போது மட்டும் படுத்திருக்கும், அப்போதும் கால் இரண்டும் போர்வைக்குள் எங்கோ போய்க்கொண்டிருக்கும். நாங்கள் அவளை மும்மை என்று கூப்பிட்டோம்.

நான் லிந்துலைக்காரி. ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பதற்காக ஹட்டனில் ஒரு வீட்டில் போர்டிங் இருந்தேன். வீட்டுக்காரியைப் போர்டிங்கம்மா என்போம். கணவரை இழந்தவர், பக்தி அதிகம், காது கூர்மை. டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து மும்மை வந்து சேர்ந்தபோது, நான் பரீட்சையை முதல் தடவை எழுதப் போகிறவள். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி விழுந்தவள். மூன்றாவது தடவைக்கு எங்கள் பக்கம் 'தேர்ட் ஷை' என்று பெயர். கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகக் கனவுக்கு அதுதான் கடைசிக் கதவு. அதிலும் விழுந்தால் கொழும்புக் கார்மென்ட் தையல் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம்.

பெயர் வைத்தவர் எங்கள் டியூஷன் கெமிஸ்ட்ரி சேர். சில ஐதரோகாபன்களில் இரண்டு காபன் அணுக்கள் ஒன்றையொன்று மூன்று கைகளால் பிடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் மும்மைப் பிணைப்பு. அந்த வகைக்கு அற்கைன் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைக்க விதி இருக்கிறது. சங்கிலியில் எத்தனை காபன் என்று பார். மும்மைப் பிணைப்பு எந்த முனைக்குக் கிட்ட இருக்கிறதோ அந்த முனையிலிருந்து எண்ணு. கடைசியில் 'ஐன்' போடு. அவ்வளவுதான். நான் நாலு வரியில் சொல்லிவிட்ட இந்தச் சங்கதிதான் அவளை முதல் தடவை குப்புறத் தள்ளியது.

ஐந்து காபன் சங்கிலி ஒன்று வந்திருக்கிறது. மும்மைப் பிணைப்பு வலது கோடியில். விதிப்படி வலதிலிருந்து எண்ணினால் பென்ற்-1-ஐன். இவள் இடதிலிருந்து எண்ணி, பென்ற்-4-ஐன் என்று எழுதிவிட்டாள். வெளியே வந்து விடையைக் கேட்டவுடன் வந்த நடுக்கத்தில் மிச்சத் தாள்களும் போயின.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்தில் எல்லாமே ஒரே பக்கத்திலிருந்துதான் தொடங்கும். லயத்து வீட்டுக் காம்பராக்களுக்கு நம்பர் ரோட்டுப் பக்கத்திலிருந்து. கொழுந்தெடுக்க நிரை பிடிப்பது கங்காணி நிற்கிற பக்கத்திலிருந்து. கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுவது பெரிய மனிதர்கள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து. பிறந்ததிலிருந்து அப்படியே எண்ணிப் பழகிய பிள்ளையிடம் போய், "மறுபக்கம் திரும்பி எண்ணு" என்றால் கை எப்படி வரும்? இரண்டாம் தடவை இன்னும் மோசம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்த்ததில் நேரம் போய், பாதித் தாள் வெள்ளையாகவே போனது.

மூன்றாம் தடவைக்கு வந்தபோது அவள் மதம் மாறியவளைப் போல வந்தாள். சூடு கண்ட பூனையாவது பாலைக் கண்டால் ஒதுங்கும். இவள் பால் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவள். உலகத்தில் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு மும்மைப் பிணைப்பு உண்டு என்றும், அதற்குக் கிட்டின முனையிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றும் முடிவு கட்டிவிட்டாள்.

முதலில் மாட்டியது போர்டிங்கம்மாவின் சுண்டல். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அவர் கொண்டைக்கடலை ஊறவைத்திருந்தார். மும்மை விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஈர்க்காக உருவி, ஒடித்து, கடலைகளைக் கோத்துச் சங்கிலி செய்துவிட்டாள். ஒற்றைப் பிணைப்புக்கு ஒரு ஈர்க்கு, மும்மைக்கு மூன்று. அடுப்படிக்கு வந்த போர்டிங்கம்மா சட்டியைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"என்னாடி இது, சாமிக் கடலையில முள்ளு மொளைச்சிருக்கு?"

"புரொப்பைன்ங்கம்மா. அந்தா பெருசா இருக்கே, அது பியூற்-2-ஐன்."

"எனக்கு ஐனும் தெரியாது, பையனும் தெரியாது. கழட்டுடி மொதல்ல!"

கழற்றினாள். ஆனால் நடந்துகொண்டே கழற்றினாள். அன்றைக்குப் பிரசாதம் வாங்கிய பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பல்லிடுக்கிலிருந்து எடுத்த ஈர்க்குத் துண்டு, அவள் கணக்குப்படி மும்மைப் பிணைப்பின் நடுக்கோடு.

அடுத்தது பஸ். டிக்கோயாப் பக்கம் போகிற பஸ்ஸில் ஒரு நாள் பின் கதவில் மூன்று தடியர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். சிங்களக் கொண்டக்டர் வழக்கம்போல முன்பக்கத்திலிருந்து டிக்கட் கொடுத்துக்கொண்டு வந்தார். மும்மைக்குப் பொறுக்கவில்லை. "ஐயே, மெஹெங் பட்டங்கன்ன!" என்று கத்தினாள். அண்ணே, இங்கிருந்து தொடங்குங்க என்று அர்த்தம். பின்னால் ஏதோ கலவரம் என்று நினைத்து அந்த மனிதர் பாதியில் விட்டுவிட்டுச் சனத்தைக் கிழித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நடுவில் நின்றவர்கள் அடுத்த ஹோல்டில் டிக்கட் வாங்காமலே இறங்கிப் போய்விட்டார்கள். "மொகத்த நியாபகம் வச்சிருக்கேன்" என்று அவர் தமிழிலேயே சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் இருவரையும் கண்டால் அந்த பஸ் நிற்காது. நாங்கள் நடந்தோம். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இந்த அளவோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. பரீட்சை தள்ளிப் போய்க்கொண்டே இருந்த வருடங்கள் அவை. இந்த மாதம் என்பார்கள், பிறகு இல்லை என்பார்கள். படித்ததையே படித்து எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. அப்படி ஒரு தள்ளிவைப்பில், "வாடி, எங்க தோட்டத்துக்குப் போயிட்டு வருவோம்" என்று மும்மை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவளுடைய லயம் எட்டுக் காம்பராக்கள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கிற பழைய கட்டிடம். ஒரு முனை ரோட்டுப் பக்கம். மறுமுனையில் பீலி. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம். லயத்துச் சண்டை எல்லாம் அங்கேதான் பிறக்கும். ஒரு குடத்தை மூன்று பேர் பிடித்தால் மூன்று பேரும் விடமாட்டார்கள். மும்மை பார்த்தாள். இதைவிட நல்ல மும்மைப் பிணைப்பு அவளுக்கு எங்கே கிடைக்கும்? கதவுகளில் இருந்த நம்பர்கள் அழிந்து போயிருந்தன. கோயில் திருவிழாவுக்கு வாங்கிய வெள்ளைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, பீலிப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எட்டுக் கதவுக்கும் புது நம்பர் எழுதிவிட்டாள். ஏழாம் நம்பராக இருந்த அவள் வீடு இரண்டாம் நம்பர் ஆனது. இரண்டாம் நம்பராக இருந்த சரோஜா அத்தை வீடு ஏழாம் நம்பர் ஆனது. லயத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. சொந்த வீட்டுக் கதவின் நம்பரை யார்தான் பார்ப்பார்கள்?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சரோஜா அத்தையின் மகள் ரஞ்சியைப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்பது மும்மைக்குத் தெரியாது. ரஞ்சி அவளோடு ஒன்றாக வளர்ந்தவள். கொழும்பில் துணிக்கடை வேலை. அதற்காகவே லீவு போட்டு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு டிக்கோயா ரோட்டில் சொந்த வெல்டிங் கடை. கூட்டிக்கொண்டு வர வேண்டிய தரகருக்குக் காய்ச்சல். "ரெண்டாம் நம்பர் காம்பரா, கேட்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், மூன்று பேரும் நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் வாசலில் நின்றார்கள்.

"ரெண்டாம் நம்பர் இதுதானுங்களே?"

மும்மையின் அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரியே பேச்சையும் வெட்டி வைத்திருப்பவர். கதவைப் பார்த்தார். இரண்டு என்றுதான் இருந்தது. "ஆமாங்க. வாங்க" என்றார்.

எங்கள் பக்கம் வீடு தேடி வந்தவர்களை எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் போகச் சொன்னதாக அர்த்தம். முதலில் பாய், பிறகு பிளேன்டீ, பிறகு மழை, பிறகு கொழுந்து. வந்தவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா யூனியன்காரர்கள் என்று நினைத்தார். அம்மா இன்சூரன்ஸ் என்று நினைத்தார். நான் விசுக்கோத்துத் தட்டில் கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் நினைக்கவில்லை. அம்மா கண்ணைக் காட்ட, மும்மை தேநீர்த் தட்டோடு வந்தாள். வந்தவள் நிற்கவில்லை. தட்டோடு அந்தச் சின்ன அறையைச் சுற்றினாள். விருந்தாளிகள் அவள் அவரவர் பக்கம் வரும்போது கையை நீட்டிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "புள்ள என்னா படிக்குது?"

"சேதன இரசாயனம்ங்க."

"அதுல என்னா சொல்லிக் குடுக்குறாங்க?"

"பேரு வைக்கச் சொல்லிக் குடுக்குறாங்க."

"நல்லதாப் போச்சி. நாளைக்கு ஒரு புள்ள குட்டின்னா பேரு கேட்டு வெளிய போகத் தேவல்ல. ஒண்ணுலேருந்தா ஆரம்பிக்கிறது?"

"இல்லங்க. ஒத்தக் காபனுக்கு மும்மைப் பிணைப்பு வராது. புடிக்கிறதுக்கு இன்னொரு ஆளு வேணும். கொறைஞ்சது ரெண்டு பேரு."

மாப்பிள்ளையின் அம்மா தன் அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாண்ணே? ஊரு ஒலகத்துல பொண்ணுங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். இந்தப் புள்ள எவ்ளோ நாசூக்கா சம்மதத்தச் சொல்லிருச்சி!"

தாய்மாமன் தலையாட்டினார். மாப்பிள்ளை மட்டும் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மும்மையின் அப்பாவுக்கு அப்போதுதான் இது யூனியன் இல்லை என்று பட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் பட்டுச் சேலை சரசரத்தது. சரோஜா அத்தை.

"ஏண்ணே, ஒங்க வீட்டுல ஒரே சிரிப்பா இருக்கு. எங்க வீட்டுக்கு வர்றவங்களத்தான் இன்னும் காணோம்..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர், மாப்பிள்ளையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மும்மையைப் பார்த்தார்.

பிறகு நடந்ததை எழுத இந்தப் பக்கம் காணாது. நம்பர் மாறிய கதை வெளியே வந்தது. எட்டுக் காம்பராவும் பீலியடியில் கூடியது. "நம்பர மாத்திப் புள்ளைய மாத்திட்டாங்களே!" என்று சரோஜா அத்தை மாரில் அடித்துக்கொண்டார். தாய்மாமன், "எங்களுக்கு ரெண்டுன்னுதாங்க சொன்னாங்க" என்று எல்லோரிடமும் கதவைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, "எது எப்படியோ, எங்களுக்கு இந்தப் புள்ளையத்தான் புடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா மகளை வைதாரில்லை. கொஞ்ச நேரம் கதவு நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வலிய வந்த சம்பந்தம். இந்தத் தடவையும் வழுக்குனா வெல்டிங் கடைதான். பாஸானா ஒன் இஷ்டம்" என்றார். நல்ல பையன், சொந்தக் கடை, சீதனப் பேச்சே இல்லை. எந்த அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மும்மையைச் சுட்டது அதுவல்ல. ரஞ்சி கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் பீலிக்கு வந்தாள். "ஒனக்கு எண்ணுறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். மும்மை அப்படியே நின்றாள். அவள் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது.

ஹட்டனுக்குத் திரும்பியதும் நடை இரண்டு மடங்கானது. "என்னாடி, வீட்டுச் சிமெந்து தேயுது!" என்று போர்டிங்கம்மா கத்தினார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, "வா, வெல்டிங் கடைக்குப் போவோம்" என்றாள்.

"போயி?"

"நீங்க பாக்க வந்தது ரஞ்சிய, வந்த காம்பரா தப்புன்னு சொல்லணும்."

"ஏண்டி, நாளைக்கு நீ பெயிலானா ஒனக்கும் அந்த ஆளு இல்லாமப் போயிருவான்."

"அது எனக்கு வந்ததில்ல. ரஞ்சிக்கு வந்தது."

போனோம். மாப்பிள்ளை ஒரு கேட்டுக் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மும்மை பேச வாயெடுத்தாள். அப்போது அவள் கண் அவருக்குப் பின்னால் நின்ற சிலிண்டரில் விழுந்தது. வந்த காரியம் அந்த நிமிடமே பறந்தது.

"இதுக்குள்ள என்னாங்க இருக்கு?"

"கேஸ்ங்க."

"பேரு?"

"கேஸ்தாங்க. அசற்றலீன்னும் சொல்லுவாங்க."

"எதைன்!" என்றாள் மும்மை. கோயிலில் திரை விலகும்போது எங்கள் ஆட்கள் கூப்பிடுவார்களே, அந்தக் குரல். "ரெண்டு காபன். நடுவுல மும்மைப் பிணைப்பு. இருக்குறதுலயே சின்னது. எரிச்சிக் காட்டுவீங்களா?"

அவர் பாவம், எரித்துக் காட்டினார். முதலில் மஞ்சளாகக் கரி கக்கிக்கொண்டு எரிந்தது. பிறகு மற்றக் குழாயைத் திறந்தார். ஒக்சிசன் சேர்ந்ததும் சீறிக்கொண்டு நீலமாகக் கூர்ந்து நின்றது. அவர் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மும்மை அசையாமல் பார்த்தாள். "இத்தன வருசமாப் பேரு எழுதுறேன். இன்னைக்குத்தாங்க மொகத்தப் பாக்குறேன்" என்றாள். கண்ணாடிக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் கிள்ளினேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். காம்பரா மாறியதைச் சொல்லி முடித்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க. தரகர் குடுத்த போட்டோ சட்டப் பையிலயே இருந்துச்சி."

"அப்ப ஏங்க பேசாம இருந்தீங்க?" என்று நான் பாய்ந்தேன்.

"அம்மா டீயக் குடிச்சிட்டாங்களே. டீ குடிச்ச வீட்டுல, நீங்க இல்லீங்க வேற வீடுன்னு எப்படிங்க சொல்றது?" கேட்க எங்களுக்கும் நியாயமாகத்தான் இருந்தது. "எனக்கு அந்தப் போட்டோப் புள்ளையத்தாங்க புடிச்சிருக்கு. அம்மாகிட்டச் சொல்லப் பயம்."

"அம்மா எங்க இருக்காங்க?" என்றாள் மும்மை.

கடைக்கு மேலேதான் வீடு. மும்மை அந்த அம்மாவிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "எனக்கு ஒரு எடத்துல ஒக்கார வராதுங்க. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, தான் எப்படி இருப்பாளோ அப்படி இருந்து காட்டினாள். பாடத்தைச் சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றினாள், சாய்கதிரையைச் சுற்றினாள், அந்த அம்மாவையும் சுற்றினாள். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், "டேய் தம்பி, தல சுத்துதுடா! அந்தப் போட்டோவ எங்க வச்ச?" என்று கீழே பார்த்துச் சத்தம் போட்டார்.

அடுத்த மாதமே ரஞ்சிக்கு நிச்சயம் ஆனது. சரோஜா அத்தை மட்டும் மும்மை வீட்டோடு பேச்சுவார்த்தையைத் தொடங்கவில்லை. அப்பாவோ, "வலிய வந்ததையும் வெரட்டிட்ட. இனி பாஸானாத்தான். இல்லாட்டி கார்மென்ட்" என்றார். இப்போது அவளுக்கு விழுந்தால் பிடிக்கிறதற்கு ஆளில்லை. ஒரே ஒரு பரீட்சை.

ஒரு வழியாகப் பரீட்சையும் வந்தது. மண்டபத்தில் நான் அவளுக்குப் பின் வரிசையில் இருந்தேன். மூன்று மணி நேரம் எழுந்திருக்க முடியாது. என்ன ஆகப் போகிறாளோ என்று என் கேள்வியைவிட அவளையே அதிகம் பார்த்தேன். மேசைக்கு அடியில் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தாள். இரண்டு கால்களும் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. மேலே கை எழுதிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, சட்டத்தில் இதற்குத் தடை ஒன்றும் நினைவுக்கு வராததால் போய்விட்டார்.

வெளியே வந்தவள் முகம் இருண்டு கிடந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வரலியாடி? அற்கைன் வரலியா?"

"வந்துச்சிடி! ஹெக்ஸ்-3-ஐன் வந்துச்சி! ஆறு காபன், நட்ட நடுவுல பிணைப்பு. இந்தப் பக்கம் எண்ணுனாலும் மூணு, அந்தப் பக்கம் எண்ணுனாலும் மூணு! இதுக்காடி நான் ஒரு லயத்தையே கொழப்புனேன்?"

ரோட்டில் நின்று சிரித்தேன். அவளுக்கு அழுகை வந்தது. பிறகு அவளும் சிரித்தாள். சரியோ பிழையோ, அந்த மனநிலையில் மற்றக் கேள்விகளை எல்லாம் எப்படி எழுதினாளோ என்று முடிவு வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்த அன்று நான் அவள் தோட்டத்தில் இருந்தேன். தொழிற்சாலைக்கு மேலே ஒரு வளைவில்தான் சிக்னல் வரும். அவள் நடந்தால் சிக்னல் போகும் என்று போனைப் பிடுங்கி நானே வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். எனக்கு இரசாயனத்தில் வழுக்கியிருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய பரீட்சை இலக்கத்தை அடித்தேன். பக்கம் திறக்கத் திறக்க உயிர் போய் வந்தது. இரசாயனத்துக்கு பி. மற்ற இரண்டும் சி. எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கிய கெம்பஸ் இடத்துக்கு அது போதும் என்று சேர் போனிலேயே கத்தினார். கத்தினபடியே சில மாதங்களில் கெம்பஸும் கிடைத்தது. எங்கோ தூரத்துக் கடற்கரைப் பக்கம்.

மலைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னோம். கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்தார். சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை, துக்கப்பட்டதாகவும் தெரியவில்லை. "அப்ப இனி நம்ம வீட்டுல யாரு நடப்பா?" என்று கேட்டார். மும்மை அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் வெட்டிய குச்சிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நான் மூக்கைச் சிந்தினேன்.

அவள் கிளம்புகிற நாளில் சரோஜா அத்தை வந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய பெரிய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்தார். "இவளால பட்ட பாடு கொஞ்சமா? இந்தப் பெட்டியில என்னா, கல்லா வச்சிருக்கா?" என்று வழி நெடுகத் திட்டினார். பஸ்ஸில் பெட்டியை ஏற்றி, அது சாயாமல் இருக்கிறதா என்று இரண்டு தரம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். இறங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார். பஸ் இன்னும் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

எனக்கு அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. முன் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ஓடினேன். அதற்குள் நடு ஜன்னலுக்கு மாறிவிட்டாள். அங்கே ஓடினேன். மறுபக்கம் போயிருந்தாள். பஸ் நகர்ந்தது. கடைசி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "என்னாடி, என்னமோ சொல்ல வந்தியே?" என்று கத்தினாள். நான் சொன்னதை இஞ்சின் விழுங்கிவிட்டது. எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், உன்னைப்போல ஒருத்தி இனி எனக்குக் கிடைக்கமாட்டாள் என்றுதான் சொன்னேன். அதை இப்போது அச்சில் சொல்லியாகிவிட்டது. இந்தப் பக்கத்தையாவது ஓரிடத்தில் உட்கார்ந்து படிடி.